எண்பத்து நான்காவது டப்பா

எங்கள் ஊர் நாய்கள் எங்கே வெளிக்குப் போகின்றன என்று அதுவரை எவரும் கேட்டதில்லை. கேட்கிற கேள்வியா அது? ஆனால் போன மாசியில் ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்து இறங்கி, வீடு வீடாகப் போய் அதைத்தான் கேட்டார்கள்.

ஊர் காரைமேடு. வேப்பந்தட்டையிலிருந்து மேற்கே, பச்சைமலை அடிவாரம். மழை பெய்தால் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். பெய்யாவிட்டால் ஆடு. என் பெயர் வீரமணி, ரோட்டு முக்கில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். நடந்த கூத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரிந்து யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

ஜீப்பில் வந்தவர்கள் 'நாய்க் குடற்புழுப் பரவல் மற்றும் இடர்க்காரணிகள் உயர் ஆய்வு மையம்' என்ற இடத்திலிருந்து வந்திருந்தார்கள். பெரம்பலூரில் இருக்கிறது. பெயர்ப்பலகை ஒரு சுவரில் முடியாமல் மூலை திரும்பி அடுத்த சுவர் வரைக்கும் போகும். அதன் இயக்குநர் டாக்டர் பாலசுந்தரம். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அட்டை, அட்டையில் அவரது சிரித்த முகம். நேரில் சிரிக்க மாட்டார்.

சமுதாயக் கூடத்தில் மைக் வைத்துப் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நாயின் குடலில் கொக்கிப்புழு என்று ஒன்று இருக்கிறது. அது ரத்தத்தை உறிஞ்சும். ஈறு வெளுக்கும், கழிசல் கறுக்கும், நாய் சுருண்டு படுத்துச் சாகும். இந்தப் புழு எத்தனை சதவீத நாய்களிடம் இருக்கிறது? நமக்குத் தெரியாது. அங்கே ஆண்டிமடத்தில் ஒரு குழு முந்திரிக்காட்டு நாய்களைச் சோதித்து நாற்பத்தொரு சதவீதம் காட்டிவிட்டது. அவர்களால் முடியும்போது நம்மால் முடியாதா? ஐம்பது சதவீதமாவது காட்ட வேண்டாமா?"

எதற்குக் கைதட்டுகிறோம் என்று தெரியாமலே தட்டினோம். டீ கொடுத்தார்கள்.

மறுநாள் களப்பணியாளர் ஜெயசீலன், போனும் கையுமாக வீடு வீடாக வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல பையன்தான், அவன் கையில் இருந்த படிவம்தான் நல்ல படிவம் இல்லை. மனுஷருக்கு எடுத்த ஏதோ ஒரு கணக்கெடுப்புப் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'நாய்' என்று மாற்றியிருந்தார்கள் என்பது இரண்டாவது கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

"அண்ணே, உங்க நாய் தூங்குற ரூமுக்கு என்ன தரை? டைல்ஸா, மார்பிளா, சிமெண்டா?"

"அது லாரி டயர்ல தூங்குதுப்பா."

"டயர்னு இதுல இல்லைங்களே. 'மற்றவை'ன்னு போட்டுக்கறேன். சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவுற பழக்கம் உண்டா?"

"எனக்கா, நாய்க்கா?"

"நாய்க்குண்ணே. எனக்கு மட்டும் தெரியாதா? விட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போனா போன் போக மாட்டேங்குது."

இல்லை என்று போட்டான். திறந்தவெளியில் மலம் கழிக்கிறதா என்றான். ஆமாம் என்றேன். செருப்பு அணிகிறதா என்று அவன் கேட்டபோது நான் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

என் கடைக்கு எதிர்த்தாற்போல் அம்சவள்ளி அக்கா வீடு. வீட்டுக்காரர் இல்லை, ஒரே பெண்ணைத் துறையூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. சொத்து என்று பார்த்தால் பத்தொன்பது ஆடும், அதை மேய்க்கும் செவலை என்கிற நாயும்தான். செவலை நன்றாக இருந்தவரையில் மலையடிவாரத்து நரி ஒன்றுகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. தைமாதக் கடைசியிலிருந்து அது எழுந்திருக்க மாட்டேன் என்றது. நாலு அடி நடந்தால் கொல்லையிலேயே படுத்துவிடும். தேடித் தூக்கி வந்து அலுத்துப்போய், வாசல் புங்கமரத்தில் கட்டிப் போட்டிருந்தாள். அந்த மூன்று வாரத்தில் இரண்டு குட்டிகளை நரி கொண்டுபோய்விட்டது. ஊரில் நாங்கள் எல்லாம் அதற்கு வயசாகிவிட்டது, வெயில் சோம்பல் என்று பேசிக்கொண்டோம். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ஜெயசீலன் வந்ததும் செவலையின் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

"தம்பி, உங்க டாக்டரு சொன்ன அம்புட்டும் இதுக்கு இருக்கு. ஒரு மாத்திரை குடேன்."

"அக்கா, அது சிகிச்சை. நாங்க ஆய்வு. முதல்ல பரவல், அப்பறம் இடர்க்காரணி, அப்பறம் அறிக்கை, அதுக்கப்பறம்தான் மாத்திரை. வரிசை மாறினா அறிவியல் கெட்டுடும்னு சார் சொல்லியிருக்காரு." சொல்லிவிட்டு அவனே போனில் படிவத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "நோய் இருக்கான்னு எழுத இதுல எடமே இல்லக்கா. தரை டைல்ஸான்னுதான் இருக்கு."

நாய் வைத்திருக்கும் எண்பத்து நாலு வீட்டுக்கும் ஆளுக்கொன்றாக எண் போட்ட பிளாஸ்டிக் டப்பா கொடுத்தான். இரண்டு நாளில் அவரவர் நாயின் கழிசலைச் சுண்டுவிரல் நகத்தளவு எடுத்து வைக்க வேண்டும். எனக்கு முப்பத்தொன்று. அம்சவள்ளி அக்காவுக்குக் கடைசி, எண்பத்து நாலு.

அன்று சாயங்காலம் டீக்கடையில் ராசாங்கம் அண்ணன் வாயைத் திறந்தார். அவர் திருப்பூரில் எட்டு வருடம் இருந்தவர். அதனால் எது பேசினாலும் விவரமாகப் பேசுவதாக நாங்கள் நம்பினோம்.

"ஏன்டா, நாய்ப் பீயை டப்பாவுல போட்டு நம்பர் ஒட்டறானே, சும்மாவா ஒட்டறான்? நோவு இருக்குன்னு தெரிஞ்சா வேன்ல ஏத்திருவானுங்க. அப்பறம் நாயும் வராது, நாயி வச்சிருந்தவன் பேரு ஆபீஸ்ல இருக்கும். நாளைக்கு ஏதாவதுன்னா உன்னத்தான் கூப்புடுவான்."

"என்னாத்துக்குக் கூப்புடுவான்?"

"அது தெரிஞ்சா நான் ஏன்டா இங்க ஒக்காந்து டீ குடிக்கிறேன்?"

அவருக்கே தெரியாது என்பதே எங்களுக்குச் சாட்சியாகப் பட்டது.

நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். நம் நாயின் விவரத்தை நாம் ஏன் எவனுக்கோ கொடுக்க வேண்டும்? வேறொரு நாயினுடையதைக் கொடுத்தால் எது வந்தாலும் நம் நாய் தப்பித்தது. அதுவுமில்லாமல் என் நாய் மக்காச்சோளக் கொல்லைக்குள் போய்த்தான் உட்காரும். டப்பாவைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் ஓட எனக்கு முழங்கால் இடம் தராது. ஊரில் ஒரே இடத்தில் கட்டிக் கிடக்கும் நாய் செவலை ஒன்றுதான். விடிகாலையில் பல் விளக்கும் சாக்கில் புங்கமரத்தடிக்குப் போய், குச்சியால் கிள்ளி என் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஊரிலேயே இந்த மூளை எனக்கு மட்டும்தான் என்று ஒரு பெருமை வேறு.

மரத்தடி அந்த இரண்டு நாளும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்ததை நானே பார்த்தேன். அம்சவள்ளி அக்கா பெருக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளோ யாரோ புண்ணியவான் பெருக்குகிறான் என்று நினைத்தாளாம்.

அவள் செய்தது வேறு. வேன் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. செவலையின் டப்பாவைக் கொடுத்தால் செவலை போய்விடும். அவள் மாடு கட்டும் வேலைக்குப் போகும் மலர்கொடி வீட்டில், மதில் சுவருக்குள் பாலும் முட்டையும் தின்று வளரும் ஒரு நாய் உண்டு. திருச்சியில் இருக்கும் மாப்பிள்ளை மாதாமாதம் பூச்சி மருந்து அனுப்புவார். அதன் கழிசலை எடுத்துத் தன் டப்பாவில் அடைத்துவிட்டாள். மலர்கொடி அதே நேரத்தில் முக்காடு போட்டுக்கொண்டு புங்கமரத்தடியில் நின்றிருக்கிறாள். இருவரும் வழியில் எதிர்ப்பட்டு, வெயில் ஜாஸ்தி என்று பேசிக்கொண்டு போனார்களாம்.

பதினைந்து நாளில் முடிவு வந்தது. எண்பத்து நான்கில் எண்பத்து மூன்று நாய்களுக்குக் கொக்கிப்புழு. தொண்ணூற்றெட்டே முக்கால் சதவீதம். ஒரே ஒரு நாய்க்கு மட்டும் இல்லை. எந்த நாய் என்று சொல்லவும் வேண்டுமா?

இந்தத் தடவை டாக்டர் பாலசுந்தரம் சிரித்துக்கொண்டே இறங்கினார். ஆண்டிமடம் என்ற பெயரைப் பதினோரு முறை சொன்னார். இடர்க்காரணிகளும் கண்டுபிடித்தாயிற்றாம்.

"நோயுள்ள எண்பத்து மூன்று நாய்களும் திறந்தவெளியில் மலம் கழிக்கின்றன. எண்பத்து மூன்றும் செருப்பு அணிவதில்லை. எண்பத்து மூன்றும் கை கழுவுவதில்லை. இதைவிட என்ன சான்று வேண்டும்? தெருவுக்கு ஒரு நாய்க் கழிப்பறை கட்டலாம் என்று பரிந்துரைத்திருக்கிறேன். சுவரில் படம் வரைந்து வைத்தால் நாய்களுக்கு மெல்ல மெல்லப் பழகும்."

"நோவு இல்லாத அந்த ஒரு நாயி கை கழுவுதுங்களா?" என்று கேட்டேன்.

"அது தனி ஆய்வு" என்றார்.

எண்பத்து மூன்று பேருக்கும் ஆளுக்கொரு மாத்திரை கொடுத்தார்கள். கையில் மாத்திரையைப் பிடித்தபடி ஒவ்வொருவரையும் போட்டோ எடுத்தான் ஜெயசீலன். நாய் அதை விழுங்கியதா என்று பார்க்கப் படிவத்தில் இடம் இல்லை. அம்சவள்ளி அக்கா கையை நீட்டியபோது, போனைப் பார்த்து, பச்சையாக எரிகிறது, உங்கள் நாய்க்கு நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரிச் சோற்றைச் செவலை மோந்துகூடப் பார்க்கவில்லை.

மாத்திரை இல்லாவிட்டால் என்ன, விருது இருக்கிறதே. பங்குனி கடைசியில் பெரம்பலூரில் விழா. 'முன்மாதிரி நாய் வளர்ப்பாளர்' என்று அம்சவள்ளி அக்காவுக்கு ஷீல்டு. நாயையும் கூட்டிவர வேண்டும் என்றார்கள். செவலையால் எழுந்து நடக்க முடியாதே! நான் வண்டி ஓட்ட, அவள் பின்னால் சாக்கில் பொதிந்த செவலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம், "டாக்டருங்க அம்புட்டுப் பேரு இருக்கற எடத்துக்குப் போறோம் வீரமணி. ஒருத்தராவது பாக்காமயா போயிருவாங்க?" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மேடையில் செவலையை இறக்கி வைத்தாள். அது பக்கவாட்டில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கிடந்தது. டாக்டர் பாலசுந்தரம் மைக்கைப் பிடித்தார்.

"கவனியுங்கள்! இத்தனை கூட்டம், இத்தனை விளக்கு. ஒரு குரைப்பு உண்டா? ஒரு பதற்றம் உண்டா? புழு இல்லாத குடலின் அமைதி இது. ஈறைப் பாருங்கள், என்ன வெண்மை! எத்தனை சுத்தம்!"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் டாக்டர்கள். எல்லாரும் தட்டினார்கள்.

அம்சவள்ளி அக்காவிடம் மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"சாரு, இது சாவப் போவுதுங்க. நாலு நாளாத் தண்ணிகூட எறங்கல. ஷீல்டு வேணாங்க. ஒரு மாத்திரை குடுங்க."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டீர்களா? முழு ஆரோக்கியமாக இருக்கும் நாய்க்கும் மருந்து கேட்கிறது ஒரு தாயின் மனசு! இந்த விழிப்புணர்வைத்தான் நாங்கள் விதைத்தோம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மைக்கைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் முப்பத்தொன்றாம் டப்பா ஞாபகத்துக்கு வந்தது. உட்கார்ந்துகொண்டேன்.

விழா முடிந்ததும் அவர் அறைக்குப் போனோம். அம்சவள்ளி அக்கா மறைக்காமல் சொல்லிவிட்டாள், அந்த டப்பாவில் வைத்தது மலர்கொடி வீட்டு நாயினுடையது என்று. டாக்டர் பாலசுந்தரம் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அம்மா, நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா அறிவியல் உங்களைக் கேக்காது, டப்பாவத்தான் கேக்கும். ஒரு டப்பா மாறிடுச்சின்னு எழுதினா, மத்த எண்பத்து மூணும் மாறலன்னு என்ன நிச்சயம்னு யாராவது கேப்பாங்க. இதுவரைக்கும் யாரும் கேக்கல. நாமளா ஏன் கேக்க வைக்கணும்?"

"அப்ப என் நாயி?"

"உங்க நாய் ஆரோக்கியமா இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டேனே."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடையில் கேட்டோம். எந்த மாத்திரை, நாய் என்ன எடை, டாக்டர் சீட்டு எங்கே என்றார் கடைக்காரர். எங்களிடம் இருந்தது ஷீல்டு. அதைக் காட்டினோம். வாங்கி இரண்டு பக்கமும் படித்துவிட்டு, ரொம்ப சந்தோஷம் என்று திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது என் முதுகில் ஈரமாகப் பட்டது. அழுகிறாள். குரும்பலூர் தாண்டியதும் என்னால் முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டினேன்.

"அக்கா, என்கிட்ட ஒரு மாத்திரை இருக்கு."

"ஒன் நாயிக்குக் குடுத்தது தானே?"

"குடுக்கல. எவனோ குடுக்கற மாத்திரைய நம்பி எப்புடிக் குடுக்கறதுன்னு பஞ்சர் டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். அதுவுமில்லாம என் நாயிக்கு ஒண்ணும் இல்லக்கா. நான் வச்சது உன் செவலையோடது."

அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை.

"அடப்பாவி! அதான் எடம் சுத்தமாக் கெடந்துச்சா?" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்தாள். "நீ ஒருத்தன் எடுத்தா அம்புட்டுச் சுத்தமாவாதே."

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் ராசாங்கம் அண்ணன் வீட்டுக்குத்தான் போனாள். "உன் மாத்திரைய எங்க வச்சிருக்க?" என்று ஒரே கேள்வி. அவர் திருதிருவென்று விழித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் கைவிட்டு எடுத்தார். மலர்கொடி அரிசி டிரம்மிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஒருத்தர் சாமி படத்துக்குக் கீழே, ஒருத்தர் ஓட்டுச் சந்தில், ஒருத்தர் ரேஷன் கார்டு உறைக்குள். இருட்டுவதற்குள் அவள் முந்தானையில் எண்பத்து மூன்று மாத்திரையும் வந்து விழுந்தன. ஒரு நாய்கூட ஒரு மாத்திரையைக்கூடத் தின்றிருக்கவில்லை. எண்பத்து மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.

எத்தனை கொடுப்பது, எப்படிக் கொடுப்பது? ஜெயசீலனுக்குப் போன் போட்டேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போன பையன், விஷயத்தைக் கேட்டதும் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்தான். கூடவே ஒரு கால்நடைப் படிப்புக்காரப் பெண்ணையும் கூட்டி வந்தான், அவனுடைய அக்காவாம், பெயர் கலையரசி. அவள் செவலையைத் தூக்கி எடை பார்த்து, ஊசி ஒன்று போட்டு, இன்றைக்கு ஒரு மாத்திரை, பதினைந்து நாள் கழித்து ஒன்று, நடுவில் சத்து டானிக் என்று எழுதிக் கொடுத்தாள். ஜெயசீலன் பையில் அச்சடித்த பிரதியாகக் கிடந்த, கை கழுவுகிறதா என்று கேட்கும் அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில்தான் எழுதினாள்.

"நான் வந்தேன்னு சார்கிட்ட சொல்லிடாதீங்கண்ணே" என்றான் ஜெயசீலன்.

மூன்று நாள் எங்களில் பலருக்குத் தூக்கமில்லை. வீட்டுக்கு வீடு முருங்கைக்கீரையும் ஈரலும் அந்த வாசலுக்கு வந்தன. நாலாம் நாள் செவலை தலையைத் தூக்கியது. சித்திரை முடிவதற்குள் ஈறு சிவந்துவிட்டது. வைகாசியில் நரியை மலை வரைக்கும் விரட்டிக்கொண்டு ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். அன்று கடையில் நான் யாரிடமும் காசு வாங்கவில்லை.

ஆனி மாதம் மையம் மறுபடியும் வந்தது. மாத்திரை வேலை செய்ததா என்று பார்க்க, மறுபடி எண்பத்து நாலு டப்பா. ராசாங்கம் அண்ணன் தலைமையில் பத்துப் பேர் அம்சவள்ளி வீட்டு வாசலில் நின்றோம்.

"ரெண்டு நாளைக்கு மட்டும் செவலையக் கட்டிப் போடு அம்சவள்ளி."

"ஏன், ஒங்க நாயிக்கெல்லாம் என்ன கேடு?"

"நல்லாத்தான் இருக்கு. அதுக்காக அதோட விவரத்த அவன்கிட்டக் குடுக்க முடியுமா?"

அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு செவலையைக் கட்டினாள். இந்த முறை வரிசையில் வரச் சொன்னாள். எண்பத்து நான்காவது டப்பாவில் அவளும் செவலையினுடையதையே வைத்தாள்.

எண்பத்து நான்கிலும் புழு இல்லை. தொண்ணூற்றெட்டே முக்காலிலிருந்து பூஜ்யம்! டாக்டர் பாலசுந்தரத்துக்குத் தலைகால் புரியவில்லை என்று ஜெயசீலன் சொன்னான். ஆனால் ஒரு சிக்கல். சென்னையிலிருந்து எவரோ ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கிறார்: மாத்திரை சாப்பிட்ட எண்பத்து மூன்றும் நன்றாக இருக்கின்றன, சாப்பிடாத ஒன்றும் நன்றாகத்தான் இருக்கிறது, அப்படியானால் மாத்திரையால்தான் குணம் என்று எப்படிச் சொல்வது?

டாக்டர் ஒரு வாரம் யோசித்து வழி கண்டுபிடித்தார். "எண்பத்து மூணு நாயோட உழைப்பை ஒரு நாய் கெடுக்கலாமா?" என்று கேட்டு, அந்த ஒரு நாயைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். பட்டியலில் இல்லாத நாய்க்கு விருது எப்படி இருக்க முடியும்? ஷீல்டைத் திருப்பி வாங்கிவர ஜெயசீலனை அனுப்பினார்.

அவன் சங்கடத்தோடு வந்து நின்றான். அம்சவள்ளி அக்கா ஆட்டுத் தண்ணித் தொட்டிக்கு மூடியாகப் போட்டிருந்த ஷீல்டை எடுத்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். அவனுக்கு மோர் கொடுத்தாள். அவன் பைக்கை எடுத்ததும் செவலை குரைத்துக்கொண்டு ரோட்டு முக்கு வரை துரத்தியது. பாவம், அந்தப் பையனையா துரத்த வேண்டும்? நாய்க்கு அது தெரியவில்லை.

போன வாரம் அறிக்கை அச்சாகி வந்தது. எண்பத்து மூன்று நாய்கள் பூரண குணம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். முப்பத்தொன்றாவதாக என் நாய் இருக்கிறது. அதற்கு நோயும் வந்ததில்லை, மாத்திரையும் அது தின்றதில்லை. நோய் வந்து, மாத்திரை தின்று, பிழைத்த நாய் ஒன்று உண்டு. எத்தனை முறை புரட்டியும் அது மட்டும் அந்தப் புத்தகத்தில் இல்லை.